சுவர் தாண்டி வந்த குளிசை

சண்முகவடிவு தன் வாழ்நாளில் டொக்டரிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் காளியாயி அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது ஊசிப்பாறைத் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவில் ஒற்றையறை வீடுகளாகப் பத்துக் காம்பரா வரிசையாக உள்ள ஒரு லயம். ஆறாவது காம்பரா வடிவுடையது, ஏழாவது காளியாயியுடையது. வடிவுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் அழகுமுத்து கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். தீபாவளிக்கும் சித்திரை வருஷத்துக்கும் வருவான், வந்த கையோடு போய்விடுவான். ஒரே மகள் கிருஷாந்தியை நானுஓயாவில் கட்டிக் கொடுத்தாயிற்று. காளியாயிக்கு அறுபது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் ரத்த உறவு ஏதும் கிடையாது, ஒரு சுவர் மட்டும் பொது.

அந்தச் சுவரையும் முழுச் சுவர் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்து லயம் அது. நடுச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை, பிறகு வந்தவர்களுக்கும் வரவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் நாக்கில் எச்சில் ஊறும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கெடும்.

வடிவு கொழுந்து பறிக்கிறவள் இல்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில் பதினெட்டு வருஷமாக வேலை. மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்பதைவிடக் கூரைக்குக் கீழே நிற்கிற வேலை மேல் என்று எல்லாரும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அறை முழுக்கத் தேயிலைத் தூசி பறக்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மண்ணிறமாகும். அதைப் பற்றி யாரும் பொறாமைப்படவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு கோயில் மைதானத்தில் நடந்த ஒரு வைத்திய முகாமில் வடிவின் கையில் பட்டி கட்டிப் பார்த்தார்கள். பிரஷர் நூற்றெழுபத்தைந்துக்குப் போயிருந்தது. அடுத்த புதன்கிழமையே கிளினிக்குக்கு வந்து பதிந்துகொள்ளச் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கிளினிக் என்றால் காலை நான்கரைக்கு எழும்பி, பஸ் பிடித்து, இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கித் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர் போச்சு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். அதோடு புதன்கிழமைதான் ஸ்டோரில் தூள் மூட்டை கட்டுகிற நாள். மாதா மாதம் புதன்கிழமை வராதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மலைக்கே அனுப்பிவிடலாம் என்று ஸ்டோர் ஐயா முன்பே ஒருத்தியை அனுப்பிக் காட்டியிருந்தார்.

வடிவு இதைச் சொல்லி அழுதபோது காளியாயி சிரித்தாள்.

"இதுக்கா புள்ள கண்ணக் கசக்குற? எனக்கு அந்தப் பிரஷர் குளிசைதானே தர்றாங்க. காலைல ஒன்னு, பொழுதுபட ஒன்னு. நான்தான் வேல வெட்டி இல்லாம மாசா மாசம் கிளினிக்குப் போறேனே. பொழுதுபட உள்ளத நீ போட்டுக்க."

"ஒங்களுக்குக் கொறஞ்சு போகாதாக்கா?"

"நான் என்னா மலையா ஏறப் போறேன்? சும்மா குந்தியிருக்கிறவளுக்கு ஒன்னு போதும்."

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரில் மூன்று தட்டுக் கேட்கும். வடிவு பலகைக்கட்டை மேல் ஏறிக் கையை நீட்டுவாள். சுவர் உச்சியில் காகிதத்தில் சுருட்டிய ஒரு வெள்ளைக் குளிசை இருக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த லயத்தில் உப்பு, நெருப்பு, காய்ச்சல் மருந்து எல்லாமே அப்படித்தான் வீடு மாறிப் போகும். ஒருத்தர் பேரை விட்டுக் கிளினிக் போனால் நாலு பேருக்கு மருந்து வரும். பேரை மிச்சம் பிடிக்க அவர்கள் கண்ட வழி அது.

ஆனால் அது வெளியே தெரியக் கூடாது. நாலாவது காம்பரா வீரய்யா தன் சீனி வியாதிக் குளிசையைத் தம்பிக்குக் கொடுத்தது எப்படியோ தெரிந்துபோய், கிளினிக்கில் எல்லாரும் நோனா என்று கூப்பிடுகிற, மருந்து கொடுக்கும் அம்மாள் அத்தனை பேர் முன்னாலும் அவருடைய மருந்துக் கொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். மனுஷன் இரண்டு மாதம் மருந்தில்லாமல் அலைந்தார். லயம் முழுக்க அந்தக் கதை தெரியும்.

வடிவுக்கு இருமல் தொடங்கியது குளிசை குடிக்கத் தொடங்கியதற்கு அடுத்த வருஷம். முதலில் தூசி இருமல் என்றார்கள். தோட்டத்து மருந்துச் சாலையில் சிவப்பு இருமல் பாணி கொடுத்தார்கள். பாணி தீர்ந்தது, இருமல் தீரவில்லை. மேனி இளைத்தது. கெண்டைக்காலில் சிவந்து கட்டி கட்டியாக எழும்பித் தொட்டாலே நொந்தது. ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் வடிந்தது. டவுனில் நெஞ்சுப் படம் பிடித்தார்கள், நிழல் இருந்தது. சளியைப் பார்த்தார்கள், கிருமி இல்லை. கிருமி இல்லாவிட்டாலும் நிழல் இருக்கிறதே என்று காசநோய் மருந்து ஆரம்பித்தார்கள். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல் மருந்துச் சாலைக்குப் போய் அவர்கள் கண் முன்னாலேயே விழுங்கினாள்.

அந்த ஆறு மாதமும் லயத்தில் அவளுக்கு ஊமைச் சிறை. தண்ணீர்ப் பீலியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கிருஷாந்தி கைக்குழந்தையைக் கொண்டுவரவில்லை. காளியாயி மட்டும் எப்போதும் போலவே வந்தாள். வடிவின் கோப்பையிலேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். "டீபி வந்து என்னய என்னா செய்யப் போகுது, அதுவும் பயந்து ஓடிரும்" என்பாள். பொழுதுபட்டால் சுவரில் மூன்று தட்டு.

ஆறு மாதம் முடிந்து மறுபடியும் படம் பிடித்தபோது நிழல் அப்படியே இருந்தது. இதற்குப் பிறகுதான் அவளைக் கீழே பெரியாஸ்பத்திரியின் நெஞ்சு கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டொக்டர் நோனா சிங்களப் பெண். மலைநாட்டில் வேலை செய்து பழகிய தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். காலில் இருந்த கட்டியை அழுத்திப் பார்த்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"அம்மா, நெஞ்சுக்கு உள்ள ரெண்டு பக்கமும் நெறி கட்டின மாதிரி இருக்கு. இது டீபி இல்லாம இருக்கலாம். கிருமி இல்லாம, உடம்பு தானாகவே உள்ளுக்கு வீங்குற நோய் ஒன்னு இருக்கு. நெஞ்சுல வரும், கண்ணுல வரும், தோல்ல வரும்."

"சாகுற நோயா நோனா?"

"இல்ல. நேரத்துக்குப் புடிச்சா மருந்து இருக்கு. விட்டா நெஞ்சு தழும்பாகும். தழும்பானா திரும்பாது." டொக்டர் ஒரு சீட்டை எழுதினாள். "அந்த வீக்கத்துல இருந்து ஒரு நொதியம் ரத்தத்துல கலக்கும். அது அளவுக்கு மேல கூடியிருக்கான்னு பாக்கணும். அது மட்டும் போதாது, நெஞ்சுக்குள்ள குழாய் விட்டு ஒரு சின்னச் சதைத் துண்டும் எடுக்கணும். அதுக்கு நெறைய ஆளுங்க காத்துட்டு இருக்காங்க. ரத்தத்துல கூடுதலா இருந்தா உங்கள முன்னுக்குப் போடலாம்."

வடிவுக்கு நொதியம் என்றால் என்னவென்று விளங்கவில்லை. ஆனால் மற்றது விளங்கியது. ரத்தம் சரியாகச் சொன்னால் வரிசையில் முன்னுக்குப் போகலாம், நெஞ்சு பிழைக்கும்.

தாதி கையில் பட்டி கட்டினாள். பிரஷர் நூற்றுமுப்பது. அழகான கணக்கு.

"பிரஷருக்கு, வேற ஏதும் வியாதிக்கு, குளிசை குடிக்கிறீங்களா?" என்று டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள்.

வடிவின் மனசில் வீரய்யாவின் கொப்பி வந்து நின்றது. பிறகு காளியாயியின் கொப்பி வந்தது. பழுப்பு அட்டை போட்டு, மழையில் நனையாமல் இருக்கப் பொலித்தீன் சுற்றிய கொப்பி.

"இல்லீங்க நோனா."

பிரஷர்தான் நல்லாயிருக்கிறதே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? காளியாயியின் குளிசை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அதனால்தான் தன்னையே மறைத்துக்கொள்ளவும் அதனால் முடிந்தது. வடிவைக் குற்றம் சொல்வது எங்களுக்கு லேசு. தனக்காக ஒரு வேளை மருந்தைத் தருகிறவளைக் காட்டிக்கொடுக்கிற நிலையில் நாங்கள் யாரும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

ரத்தம் கொழும்புக்குப் போய் மூன்று வாரத்தில் பதில் வந்தது. டொக்டர் நோனா தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தாள்.

"கூட இல்ல. ரொம்பக் குறைவா இருக்கு." நிமிர்ந்து வடிவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, உண்மையாவே பிரஷர் குளிசை எதுவும் குடிக்கலதானே?"

ஒருத்திக்கு இரண்டாவது தடவை கதவு திறப்பது அபூர்வம். வடிவுக்குத் திறந்தது. கதவுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். தாதி அடுத்த பேரைக் கூப்பிட வாயைத் திறந்துகொண்டிருந்தாள். குறைவு என்று சொன்னதும் வடிவு அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டாள். சீனி குறைவு, பிரஷர் குறைவு என்றால் நல்லதுதானே?

"இல்லீங்க" என்றாள்.

டொக்டர் பெருமூச்சு விட்டாள். ரத்தத்தில் நொதியம் கூடாதவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம், எதற்கும் குழாய் விட்டுப் பார்ப்போம் என்று சொல்லி, சாதாரண வரிசையில் பேரை எழுதினாள். எட்டு மாதம் கழித்து ஒரு திகதி. அதுவரைக்கும் தூசிக்கு ஒரு ஊதல் மருந்து.

எட்டு மாதத்தில் ஆறு மாதம் போனது. அந்த ஆறு மாதத்தில் வடிவின் மூச்சு துண்டு துண்டானது. பீலியிலிருந்து குடத்தோடு வரும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். சலிக்கிற அறையில் இருமி இருமி ஒரு நாள் மயங்கி விழ, தூளில் சளி படும் என்று ஸ்டோர் ஐயா அவளை மலைக்கு அனுப்பினார். எந்த வேலையைக் காப்பாற்றக் கிளினிக்கில் பதியாமல் இருந்தாளோ அந்த வேலை அப்படிப் போனது. மலையில் இரண்டாவது நிரைக்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. அரைப்பேரோடு இறங்கி வந்தாள். காளியாயி சுடுதண்ணீரில் வேது பிடித்துவிட்டாள். முதுகைத் தடவிவிட்டாள். தனக்கும் தலை சுற்றுகிறது, காதுக்குள் இரைகிறது என்று இடையில் ஒரு தடவை சொன்னாள். கிளினிக்கிலும் மாதத்துக்கு மாதம் பிரஷர் ஏறுகிறதென்று திட்டுகிறார்களாம். சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வடிவு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். சுவரில் ஒரு தட்டுக் கேட்டது. இரண்டாவது தட்டுக்காக வடிவு நிமிர்ந்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் டம்ளர் உருண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

காளியாயி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை செத்துக் கிடந்தது. இடது கைக்குள் காகிதச் சுருள் இருந்தது.

தோட்டத்து லொறியில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க வடிவு அவள் தலையை மடியில் வைத்திருந்தாள், தனக்கு மூச்சு வாங்குவதையும் மறந்துபோனாள். வார்டில் இருந்த இளம் டொக்டர் பொலித்தீன் சுற்றிய கொப்பியைப் புரட்டினார்.

"ரெண்டு வருஷமா ரெண்டு வேளை மருந்து குடுத்திருக்கு. ஆனா பிரஷர் ஏறிக்கிட்டே போயிருக்கு. இவங்க ஒழுங்கா குடிச்சாங்களா?"

வடிவு கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். இனி யாருடைய கொப்பியைக் காப்பாற்றுவது?

"பொழுதுபட உள்ள குளிசைய நான்தாங்க குடிச்சேன் ஐயா. ரெண்டு வருஷத்துக்கு மேல. அவங்க குடிக்கல. நான்தான் குடிச்சேன்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழும்போது இருமினாள், இருமும்போது அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் செத்துப்போனது யாரென்று எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை அவளே அதே ஆஸ்பத்திரியின் நெஞ்சு கிளினிக் படியேறினாள். அன்று இலக்கத் துண்டு எடுக்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் டொக்டர் நோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள் என்று காத்து நின்றாள். டொக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"அந்தக் குளிசை பேர் என்ன?"

வடிவு முந்தானையை அவிழ்த்து, காளியாயியின் கையிலிருந்து எடுத்த காகிதச் சுருளை மேசையில் வைத்தாள்.

டொக்டர் அதைப் பிரித்து, குளிசையில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தாள். "அம்மா, நான் உங்க ரத்தத்துல தேடினேனே ஒரு நொதியம், அத அடக்கி வைக்கிறதுதான் இந்தக் குளிசையோட வேலை. அத அடக்கினாத்தான் பிரஷர் எறங்கும். நீங்க இதக் குடிச்சிட்டு வந்தா ரத்தத்துல எப்படித் தெரியும்? சில பேருக்கு இதனாலேயே இருமலும் வரும்." காகிதத்தைத் திரும்பச் சுருட்டி வைத்தாள். "நான் இன்னும் நல்லாக் கேட்டிருக்கணும்."

"நீங்க ரெண்டு வாட்டி கேட்டீங்க நோனா" என்றாள் வடிவு.

குளிசையை நிறுத்தி, பிரஷருக்கு வேறு ஜாதி மருந்து அவள் பெயரிலேயே எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் நொதியம் இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குழாய் விட்டு எடுத்த சதைத் துண்டும் அதையே சொன்னது. நோய்க்குப் பெயர் கிடைத்தது. சார்கொய்டோசிஸ். வடிவுக்கு அது வாயில் நுழையவில்லை. வீக்கத்தை வற்ற வைக்கும் மருந்து தொடங்கினார்கள். கண் தெளிந்தது, கால் கட்டிகள் அமுங்கின, இருமல் பாதியாகக் குறைந்தது. பெரிய படம் பிடித்துப் பார்த்தபோது நெஞ்சின் மேல்பக்கம் இரண்டும் தழும்பாகியிருந்தன.

"போனத திருப்ப முடியாது" என்றாள் டொக்டர் நோனா. "மிச்சத்தக் காப்பாத்துவோம்."

முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்று அவள் சொல்லவில்லை. வடிவு அதைத் தானாகவே கணக்குப் பார்த்துக்கொண்டாள். முதல் தடவை அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து சரியாகப் பத்து மாதம்.

இப்போது வடிவு மலைக்கும் போவதில்லை, ஸ்டோருக்கும் போவதில்லை. அழகுமுத்து அனுப்புவதில் வயிறு கழுவுகிறாள். மாதம் ஒரு புதன்கிழமை இரண்டு கொப்பியோடு பஸ் ஏறுகிறாள். ஒன்று அவளுடையது, மற்றது காளியாயியுடையது. காளியாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கிற நோனா இரண்டு பொட்டலத்தையும் வேறு வேறாகக் கட்டிக் கையில் வைத்து, "மாத்திக் குடுக்காதீங்க, சரியா?" என்று உரக்கச் சொல்வாள். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வடிவு தலையை ஆட்டுவாள்.

காலைக் குளிசையைக் காளியாயி ஒழுங்காக விழுங்கிவிடுகிறாள். பொழுதுபட உள்ளதுதான் பாடு. அதை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் வடிவு தன் காம்பராவுக்குப் போவாள். போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எடுத்துக்கொண்டிருக்கும்போது சுவரில் தட்டுக் கேட்கும். இடது கைத் தட்டு, பலமில்லாத தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று.

வடிவு எழும்பி, வாசலைச் சுற்றி, நின்று நின்று மறுபடியும் போவாள். காளியாயி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இடது கை பொத்தியிருக்கும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் உள்ளே குளிசை இருக்கும். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, ஆள் போனதும் எடுத்தது, எச்சில் பட்டு ஊறியிருக்கும்.

"அக்கா, எனக்கு வேற மருந்து குடுத்திட்டாங்கக்கா. இது ஒங்களுக்கு. நீங்கதான் குடிக்கணும்."

காளியாயி மாட்டேன் என்று தலையை அசைப்பாள். கோணிய வாயால் சிரிக்கப் பார்ப்பாள். இடது கையால் வடிவின் கையைப் பிடித்து, அந்தக் குளிசையை அதற்குள் வைத்து, விரல்களை மூடிவிடுவாள்.